பதினொன்றாவது வரிசையில் நான்காவது

ஆப்பண்ணன் வீட்டில் எந்த மூடியும் இறுக்கி மூடப்பட்டிருக்காது. சர்க்கரை டப்பா எந்நேரமும் வாயைப் பிளந்துகொண்டிருக்கும். எண்ணெய்ப் பாட்டிலின் மூடி, தொப்பியைச் சரித்துப் போட்டுக்கொண்ட குடிகாரனைப் போல ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். பற்பசைக்கு மூடி என்ற ஒன்று இருந்ததாகவே யாருக்கும் ஞாபகமில்லை. எறும்புகளுக்கு அந்த வீடு இலவச விடுதி. பிரஷர் குக்கரின் குண்டை ஒருநாள் அவர் எங்கோ கொண்டுபோய் ஒளித்துவைத்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லாம் திறந்த பாத்திரத்தில்தான் வேகிறது.

"ஊர்ல இருக்கிற ஓட்டையை எல்லாம் அடைச்சுச் சம்பாதிச்ச மனுஷன், வீட்டுல ஒரு பாட்டிலை மூட விடமாட்டேங்கிறார்" என்று அவர் மனைவி வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லி ஓய்ந்துவிட்டார். வயசானால் அப்படித்தான் என்றார் பக்கத்து வீட்டு அம்மா. ஆப்பண்ணனுக்கு அப்போது ஐம்பத்துமூன்று வயதுதான். ஒருமுறை டாக்டர் நெஞ்சில் குழலை வைத்து, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். ஆப்பண்ணன் இழுத்தார். மூன்று நொடிகூடப் பிடித்திருக்கமாட்டார், முகமெல்லாம் வேர்த்துக் கொட்ட, சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். டாக்டர் ஏதேதோ மாத்திரை எழுதினார். அந்த மாத்திரைப் புட்டிக்கும் மூடி கிடையாது.

காரணம் அவருக்கு மட்டுமே தெரியும். காரணத்துக்கு வயது ஒன்பது.

அவர் தொழிலை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். தொழிற்சாலையில் காற்றை அழுத்தி அனுப்பும் இயந்திரங்கள் உண்டு. அழுத்தினால் காற்று கொதிக்கும். அதை ஆற்றுவதற்கு ஓர் இரும்பு உருளை. உருளைக்குள் படுக்கைவாட்டில் அறுநூறு மெல்லிய குழாய்கள். குழாய்க்குள்ளே குளிர்ந்த தண்ணீர், குழாய்க்கு வெளியே கொதிக்கும் காற்று. காகிதத்தில் இதற்கு வெப்பப் பரிமாற்றி என்று பெயர்; வேலை செய்கிறவர்கள் வாயில் கூலர். அந்த ஆலையில் இருந்த பெரிய கூலருக்குத் தொழிலாளிகள் வைத்த பெயர் பெரியம்மா. வாங்கினதை உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாதவள், எப்போதும் எதையாவது கசியவிட்டுக்கொண்டே இருப்பாள் என்பதால். பக்கத்தில் நின்ற சிறிய கூலர் சின்னம்மா. அவளும் லேசுப்பட்டவள் இல்லை.

அறுநூறில் ஒரு குழாய் அரித்து ஓட்டை விழுந்தால் அந்த ஒன்றை மட்டும் உருவி எடுக்க யாரும் மெனக்கெடுவதில்லை. உருளையின் இரண்டு முனையிலும் கனத்த வட்டத் தகடு ஒன்று இருக்கும். எல்லாக் குழாய்களும் அதில்தான் வாய் திறக்கும், தேன்கூடு மாதிரி. காற்றை ஏற்றி, தகட்டில் தடவிய சோப்பு நுரை எந்த வாயில் குமிழி விடுகிறதோ அந்தக் குழாய்க்கு இரண்டு முனையிலும் கூம்பு வடிவப் பித்தளைத் துண்டை வைத்து ஓங்கி அடித்தால் தீர்ந்தது. அந்தத் துண்டுக்குப் பெயர் ஆப்பு. அதை இருபது வருஷம் அடித்ததால் அவர் ஆப்பண்ணன். அதிகாரிகளும் ஒருவருக்கொருவர் ஆப்பு வைத்துக்கொள்வதுண்டு. அதற்குக் கையுறை மட்டும் தேவைப்படுவதில்லை.

இது இரண்டு ஆள் வேலை. முன்முனையில் ஒருவர், பின்முனையில் ஒருவர். நடுவில் ஆறு மீட்டர் இரும்பு. பக்கத்து இயந்திரங்களின் இரைச்சலில் கத்தினாலும் கேட்காது. ஆகவே பேச்செல்லாம் சுத்தியலில்தான். பின்முனைக்காரர் குழாயில் இரண்டு தட்டுத் தட்டினால் "அடிக்கட்டுமா?" என்று அர்த்தம். முன்முனைக்காரர் ஒரு தட்டுத் தட்டினால் "அடி" என்று அர்த்தம். ஆப்பண்ணன் எப்போதும் முன்முனை. பின்முனையில் இருபது வருஷமும் ஒரே ஆள்தான். அவரை இப்போதே சம்பந்தி என்று சொல்லிவிடுகிறேன். பிற்பாடு அப்படித்தான் ஆனார்.

ஆப்பு அடிப்பதற்கு முன்னால் செய்தே தீரவேண்டிய காரியம் ஒன்று உண்டு. நீண்ட கம்பியின் நுனியில் சிறு கத்தி பொருத்திய கருவியைக் குழாய்க்குள் விட்டு, உள்ளே எங்காவது ஓரிடத்தில் குழாயின் சுவரைப் பெரிதாகக் கிழித்துவிட வேண்டும். இதற்கு மூச்சுத் துளை என்று பெயர். ஓட்டையான குழாயை ஏன் இன்னும் ஓட்டையாக்க வேண்டும் என்று புதிதாக வரும் எந்த அதிகாரியும் கேட்பார். விஷயம் இதுதான்: வெளியே இருக்கும் அழுத்தக் காற்று பழைய ஓட்டை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய்க்குள் போய்க்கொண்டேயிருக்கும். பிறகு துரு ஏறி அந்த ஓட்டை தூர்ந்துபோகும். இரண்டு பக்கமும் ஆப்பு. உள்ளே போன காற்று உள்ளேயே கிடக்கும். இயந்திரத்தை நிறுத்தினாலும், வருஷக்கணக்கில் ஆறப்போட்டாலும் கிடக்கும். பிறகு என்றோ ஒருநாள் எவனாவது அந்த ஆப்பைக் கழற்றக் கை வைத்தால் அது தோட்டா. மூச்சுத் துளை இருந்தால் அந்தக் காற்று வந்த வழியே போய்விடும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பெரியம்மாவுக்கு ஆறு குழாய்கள் ஓட்டை. ஐந்துக்கு ஆப்பண்ணன் மூச்சுத் துளை போட்டார். ஆறாவதில் கத்தி முறிந்தது. மாற்றுக் கத்தி ஸ்டோரில் இருந்தது. அதை எடுக்க ஓர் அதிகாரியின் கையெழுத்து வேண்டும். அதிகாரியோ வாசலில் நாற்காலி வரிசை போட்டுக்கொண்டிருந்தார். பழுதுபார்த்த இயந்திரத்தை மறுபடி ஓடவிடுவதையே ஒரு விழாவாக்கி, இயக்குநர் ஒருவரை அழைத்து ரிப்பன் வெட்டவைப்பதாக ஏற்பாடு. இயக்குநர் வந்து, உட்கார்ந்து, இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டாராம். நாலு நிமிஷத்துக்கு ஒரு ஆள் ஓடிவந்து, முடிந்ததா, முடிந்ததா என்று ஆப்பண்ணனின் முதுகுக்குப் பின்னால் நின்று மூச்சு வாங்கினான்.

பின்முனையிலிருந்து இரண்டு தட்டு வந்தது.

ஆப்பண்ணன் முறிந்த கத்தியைப் பார்த்தார். அடுத்த தடவை திறக்கும்போது சரிபண்ணிவிடலாம் என்று நினைத்தார். ஒரு தட்டுத் தட்டினார். ஆறு மீட்டருக்கு அப்பால் சம்பந்தி சுத்தியலை ஓங்கி அடிக்கும் அதிர்வு அவர் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தது. பிறகு படிவத்தில் 'மூச்சுத் துளை போடப்பட்டது' என்ற கட்டத்தில் ஆறு டிக் போட்டுக் கையெழுத்திட்டார். நரம்பில்லாத நாக்கு எப்படியும் பேசும் என்பார்கள். பேனாவுக்கும் நரம்பு கிடையாது.

அடுத்த தடவை பெரியம்மாவைத் திறக்கவே இல்லை. அதற்கடுத்த தடவை அவரைச் சின்னம்மாவிடம் போட்டார்கள். அப்புறம் முழங்கால் தேய்ந்தது. இனிக் குந்தி உட்கார முடியாது என்று டாக்டர் சொன்னதும் நிர்வாகம் யோசித்து யோசித்து அவரைப் பழுதுப் பதிவேடுகள் வைத்திருக்கும் அறைக்குப் பொறுப்பாளராக்கியது. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை. அவர் பொய் சொன்ன படிவம் இப்போது அவர் மேஜைக்கு வலப்பக்கம், மூன்றாவது அலமாரியில், அவரே ஒட்டிய சீட்டுக்குக் கீழே இருந்தது.

பதிவேட்டு அறைக்கும் கூலர் கொட்டகைக்கும் ஒரு சுவர்தான் இடைவெளி. பகலெல்லாம் அந்தச் சுவர் மெல்ல உறுமிக்கொண்டிருக்கும். மற்றவர்களுக்கு அது வெறும் இரைச்சல். ஆப்பண்ணனுக்கு அந்த இரைச்சலுக்குள்ளே இரைச்சலே இல்லாத ஓரிடம் கேட்டது. எல்லோரும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் கூட்டத்தில் ஒருவன் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும், அப்படி. சாப்பாட்டு இடைவேளையில் கால் தானாகக் கொட்டகைக்குப் போகும். பெரியம்மாவின் முன்முனைக் கவசத்தில் முப்பத்திரண்டு போல்ட்டுகள். அதற்குப் பின்னால் தகட்டில் அறுநூறு கண்கள். அதில் இருபத்துமூன்று அடைபட்டவை என்று பதிவேடு சொன்னது. இருபத்திரண்டு குருடு, ஒன்று மட்டும் குருடில்லை, மூடிக்கொண்டிருக்கிறது என்பது பதிவேட்டுக்குத் தெரியாது. அவர் கவசத்தின் மேல் கையை வைப்பார். சூடாக இருக்கும். எடுத்துவிடுவார். அது மூச்சு விடாமல் இருக்கும் வரைக்கும் தனக்கும் சரியாக மூச்சு வராது என்று அவருக்குத் தோன்ற ஆரம்பித்து வெகுநாளாகியிருந்தது. பேய் பிடித்தால் வேப்பிலை அடிக்கலாம். பித்தளைத் துண்டு பிடித்தால் யாரைக் கூப்பிடுவது?

சொல்லித் தொலைத்திருக்கலாம் அல்லவா என்று கேட்பீர்கள். சொல்லத்தான் இருந்தார். அந்தச் சமயம் பார்த்து ஒருநாள் சம்பந்தி, அப்போது வெறும் பின்முனைக்காரர், தட்டு நிறையப் பழத்துடன் வீட்டுக்கு வந்து, தன் மகனுக்கு ஆப்பண்ணனின் மகளைக் கேட்டார். பெண்ணைப் பற்றி நாலு இடத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டாமா என்று ஆப்பண்ணனின் மனைவியே மரியாதைக்குக் கேட்டுவைத்தார். சம்பந்தி சிரித்தார்.

"முகத்தைப் பாக்காம, இவன் தட்டுற ஒத்தைத் தட்டை நம்பி இருபது வருஷம் அடிச்சிருக்கேன். இவன் பொண்ணை விசாரிக்கவா?"

அதற்குமேல் ஆப்பண்ணன் எங்கே சொல்ல? கல்யாணம் நடந்தது. 'டேய்' போட்டுப் பேசிய இரண்டு பேரும் சபையில் "வாங்க சம்பந்தி", "உக்காருங்க சம்பந்தி" என்று சொல்லிவிட்டுத் தாங்களே சிரித்துக்கொண்டார்கள். ஆலைக்குள் போனதும் பழையபடி 'டேய்'.

ஐந்து வருஷம் இப்படிப் போனபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளும் அவள் மாமனாரும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மூடியில்லாத சர்க்கரை டப்பாவிலிருந்து எறும்பை ஊதி ஊதி மகள் காப்பி கலந்துகொண்டிருந்தாள். சம்பந்தி சாவகாசமாக ஒரு செய்தி சொன்னார். பெரியம்மாவுக்கு முழு வைத்தியம். அறுநூறு குழாயையும் உருவிவிட்டுப் புதுசு போடப்போகிறார்கள். அதற்கு முதலில் இருபத்துமூன்று ஆப்பையும் பிடுங்க வேண்டும். நாளைக் காலையில் ஆரம்பம். பிடுங்குகிற வேலை தன்னுடையது, பின்முனையிலிருந்து. நெஞ்சுயர வாய்களென்றால் நேரே நின்று எடுக்கலாம், அவ்வளவு கஷ்டமில்லை என்றார்.

நேரே நின்று.

ஆப்பண்ணன் காப்பியைக் கீழே வைத்துவிட்டு, பொதுவாகக் கேட்பதுபோல, எல்லா ஆப்புக்கும் முன்னால் மறைப்பாக ஓர் இரும்புத் தகட்டைக் கட்டி, உள்ளே காற்று இருக்கிறதா என்று ஆப்பைத் துளைத்துப் பார்த்துவிட்டுத்தானே பிடுங்குவீர்கள் என்று கேட்டார். சம்பந்தி, மூச்சுத் துளை இல்லாததற்குத்தான் அந்தச் சடங்கெல்லாம், இருப்பதை நேரே கருவியை மாட்டி இழுத்துவிடலாம், விதி அப்படித்தான் சொல்கிறது என்றார். பிறகு மருமகளைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"உங்கப்பாவுக்கு ஆப்பு வேலை போனாலும் கவலை போகல பாரு."

மறுநாள் காலை ஆப்பண்ணன் முதல் ஆளாகப் பாதுகாப்பு அதிகாரியின் அறைக்குப் போனார். பொத்தாம்பொதுவாக ஆரம்பித்தார். பழைய ஆப்புகள் எப்படியிருக்குமோ, ஒரு எச்சரிக்கைக்காக எல்லாவற்றையும் துளைத்துப் பார்த்துவிட்டால் நல்லது என்று. பாதுகாப்பு அதிகாரி நல்ல மனிதர். எதையும் ஆதாரத்தோடு பேசுவார். உடனே பெரியம்மாவின் பதிவேட்டு நகலை விரித்தார்.

"இதோ பாருங்க. இருபத்துமூணுக்கும் மூச்சுத் துளை போட்டாச்சு. கையெழுத்து யாரோடது? உங்களோடது. உங்க கையெழுத்தைவிட எனக்கு வேற என்ன ஆதாரம் வேணும்?"

தன் கையெழுத்தே தன் வாயை அடைக்கிறது என்று தெரிந்ததும் ஆப்பண்ணன் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

பதிவேட்டு அறையில் உட்கார்ந்தார். சுவர் இன்று உறுமவில்லை. பெரியம்மாவை நிறுத்தியிருந்தார்கள். அந்த அமைதியில், பிடித்துவைத்த மூச்சு இன்னும் பெரிதாகக் கேட்டது. பத்து மணிக்கு அவர் கொட்டகை மேஸ்திரிக்குப் போன் போட்டார். பதிவேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு சந்தேகம் வந்ததாகச் சொன்னார். பதினொன்றாவது வரிசை, இடமிருந்து நான்காவது குழாய். அதற்கு மூச்சுத் துளை இல்லை என்று தோன்றுகிறது. அதை மட்டும் தகடு மறைத்துத் துளைத்த பிறகே தொடவேண்டும். மேஸ்திரி எழுதிக்கொண்டார். எப்படித் தெரியும் என்று கேட்டார். ஒரு பழைய காகிதத்தில் குறிப்பு இருக்கிறது என்றார் ஆப்பண்ணன்.

போனை வைத்தார். நாற்காலியில் சாய்ந்தார். கழுவுற மீனில் நழுவுற மீன் மாதிரி, காரியமும் ஆயிற்று, தன் பெயரும் வரவில்லை. ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக அவருக்குப் பசித்தது.

பதிவேட்டு அறைப் பொறுப்பாளர் வாயால் ஒரு திருத்தம் சொன்னால் எழுத்தாலும் சொல்லவேண்டும். அதற்கும் ஒரு படிவம். அந்தத் தொழிற்சாலையில் படிவங்களுக்குப் பஞ்சமில்லை. கொசுவத்தி வாங்கக்கூட ஏழு கட்டம் நிரப்பவேண்டும். ஆப்பண்ணன் வரிசை எண் எழுதினார். குழாய் எண் எழுதினார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

'பார்த்தவர் நின்ற முனை: முன் / பின்.'

இவ்வளவு வருஷத்தில் யாரும் அந்தக் கட்டத்தை ஒழுங்காக நிரப்பியதில்லை. அவரும்தான்.

ஒரு கதவை இந்தப் பக்கம் நின்று பார்ப்பவனுக்கு இடது, அந்தப் பக்கம் நிற்பவனுக்கு வலது. ஒன்பது வருஷமாக அவர் மனக்கண்ணில் பார்த்தது முன்முனைத் தகடு. அவருடைய இடமிருந்து நான்கு, பின்முனையில் நிற்கும் சம்பந்திக்கு வலமிருந்து நான்கு. தான்தான் துளை போடவில்லை என்று போனில் சொல்லியிருந்தால், ஆப்பண்ணனா, அப்படியானால் முன்முனைக் கணக்கு என்று மேஸ்திரி தூக்கத்தில்கூடத் திருப்பிப் போட்டிருப்பார். தன் பெயரை மறைக்கப் போய்ப் பக்கத்தையும் சேர்த்து மறைத்துவிட்டார். அந்த வரிசையின் அந்தக் கோடியில், அதேபோல ஓரத்திலிருந்து நான்காவதாக, வேறொரு வருஷம் அடித்த இன்னொரு ஆப்பும் இருந்தது. அது சாது. இப்போது தகடு அந்தச் சாதுவின் முன்னால் இருக்கும். மற்றதன் முன்னால் சம்பந்தியின் நெஞ்சு இருக்கும்.

போன் போட்டார். கொட்டகையில் மணி அடித்துக்கொண்டேயிருந்தது. யாரும் எடுக்கவில்லை.

முழங்கால் தேய்ந்தவர் எப்படி ஓடினார் என்று பார்த்தவர்கள் பின்னால் ஆச்சரியப்பட்டுப் பேசினார்கள். அது ஓட்டமில்லை, ஒரு காலை வீசி, மற்றதை இழுத்து, சுவரைப் பிடித்துப் போன ஒரு மாதிரி. கொட்டகையைச் சுற்றிக்கொண்டு பின்முனைக்குப் போனார். ஏழெட்டு ஆப்புகள் தரையில் வரிசையாகக் கிடந்தன. பதினொன்றாவது வரிசையின் இடப்பக்க ஆப்புக்கு முன்னால் இரும்புத் தகட்டைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். துளைப்பான் வருவதற்காகக் காத்திருந்தார்கள். காத்திருக்கும் நேரத்தை வீணாக்குவானேன் என்று சம்பந்தி அதே வரிசையின் வலக்கோடிக்குப் போய், நான்காவது ஆப்பில் இழுகருவியை மாட்டி, முதல் திருகு திருகியிருந்தார்.

ஆப்பண்ணன் போய் அவர் சட்டைக் காலரைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தார். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தார்கள்.

"என்னடா, பைத்தியமா உனக்கு?"

"அது இல்ல, இது."

"எது?"

"துளை இல்லாதது. நீ மாட்டினது."

"போன்ல இடதுன்னு சொன்னாங்க."

"என்னோட இடது."

சம்பந்தி சட்டையைச் சரிசெய்துகொண்டிருந்த கை நின்றது. உன்னோட இடது என்றால் என்ன அர்த்தம், பழைய காகிதத்தில் பார்த்ததாக அல்லவா மேஸ்திரி சொன்னார் என்று கேட்டார்.

"காகிதம் ஒண்ணும் இல்ல. கத்தி முறிஞ்சு போச்சுடா. ரிப்பன் வெட்டுன அன்னைக்கு. நீ ரெண்டு தட்டுத் தட்டின. நான் ஒண்ணு தட்டிட்டேன்."

மேஸ்திரியும் இன்னும் நாலு பேரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். சம்பந்தி எழுந்து, ஆப்புக்கு நேராக வராமல் ஓரமாகவே நடந்து, கையை மட்டும் நீட்டி இழுகருவியைக் கழற்றினார். தகட்டை இடப்பக்கத்திலிருந்து அவிழ்த்து வலப்பக்கத்தில் கட்டினார். சங்கிலியை மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். துளைப்பான் வந்தது. தகட்டின் நடுவில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. அதன் வழியே நீண்ட முனையை நுழைத்து, அவர் உருளைக்குப் பக்கவாட்டில் ஒண்டி நின்று, கையை மட்டும் நீட்டித் துளைக்க ஆரம்பித்தார்.

பித்தளைத் தூள் மஞ்சளாகக் கொட்டியது. ஒரு நிமிஷம். ஒன்றரை நிமிஷம். ஒன்றும் இல்லையோ என்று ஆப்பண்ணன் நினைத்தார். ஒன்றும் இல்லாமல் இருக்கட்டும் என்று ஒரு மனசு. இத்தனை வருஷம் தன்னைத் தின்றது ஒன்றுமில்லாததாகப் போய்விடக் கூடாதே என்று இன்னொரு மனசு. அந்த இரண்டாவது மனசைப் பார்த்து அவருக்கே அருவருப்பாக இருந்தது.

அப்போது வெடித்தது. துளைப்பானின் முனை ஒடிந்து கூரையில் பட்டது. ஆப்பு தகட்டில் மோதிய சத்தத்தில் நாலு பேரும் குனிந்துகொண்டார்கள். அதற்குப் பின் ஒரு நீண்ட சீற்றம். துருவும் ஈரமும் கலந்த நாற்றம். சீற்றம் இளைத்து, மெலிந்து, யாரோ தூக்கத்தில் விடுவதுபோல ஒரு பெருமூச்சாகி நின்றது. தகட்டில் உள்ளங்கை அளவுக்கு ஒரு குழி விழுந்திருந்தது. சம்பந்தி அந்தக் குழிக்கு முன்னால் போய் நின்று பார்த்தார். அவர் நெஞ்சு உயரத்துக்குச் சரியாக இருந்தது.

திட்டுவார் என்று ஆப்பண்ணன் காத்திருந்தார். அடித்தாலும் வாங்கிக்கொள்வதாக இருந்தார். சம்பந்தி திரும்பினார். கோபமாகத் தெரியவில்லை. கணக்குப் போடுகிறவர் முகம் மாதிரி இருந்தது.

"அதுக்கு முன்னாடி எத்தனை தடவை இந்த மாதிரி ஒரு தட்டுத் தட்டியிருக்கீங்க?"

'கீங்க' என்றார். சபையில் சொல்லும் 'ங்க' இல்லை அது.

"இது ஒண்ணுதான். சத்தியமா இது ஒண்ணுதான்."

"சரிங்க" என்றார் சம்பந்தி.

விசாரணை நடந்தது. ஆப்பண்ணன் எல்லாவற்றையும் சொன்னார், இந்த முறை எந்த முனை என்பது உட்பட. நிர்வாகம் நீண்ட எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தது. அதன் நகலைப் பதிவேட்டு அறையில் உரிய இடத்தில் சேர்க்கவேண்டியது பொறுப்பாளரின் கடமை என்பதால் அதையும் அவரே சேர்த்தார். ரிப்பன் வெட்டிய இயக்குநர் ஓய்வு பெற்றுப் பல வருஷமாகியிருந்ததால் அவரை யாரும் தொந்தரவு செய்யவில்லை. கடைசியில் ஓர் உத்தரவு வந்தது: ஆலையில் ஆப்பண்ணன் கையெழுத்திட்ட எல்லா ஆப்புகளும் மூச்சுத் துளை இல்லாதவையாகவே கருதப்படும், ஒவ்வொன்றும் தகடு மறைத்துத் துளைத்துச் சரிபார்க்கப்படும். பதினொரு இயந்திரங்கள். இருநூற்றுப் பதினான்கு ஆப்புகள். துளைப்பவர் சம்பந்தி.

மகள் மாமனார் வீட்டில் நன்றாகத்தான் இருக்கிறாள். யாரும் முகம் சுளிக்கவில்லை. போனில் ஒருமுறை மட்டும் சொன்னாள்: "மாமா உங்களைப் பத்தி ஒண்ணுமே தப்பாப் பேசறதில்லப்பா. ஒண்ணுமே பேசறதில்ல."

ஆப்பண்ணன் மனுப் போட்டு, முன்முனையில் உட்கார அனுமதி வாங்கினார். முழங்காலுக்காக ஒரு முக்காலி கொடுத்தார்கள். ஒவ்வொரு இயந்திரமாக நிறுத்தித் திறக்கும்போதெல்லாம் அவர் அங்கே போய் உட்காருவார். அவருக்கு அங்கே வேலை ஒன்றும் கிடையாது. எந்தக் குழாய் என்று சரிபார்க்க வேண்டுமென்றால் சம்பந்தி இப்போதெல்லாம் சுத்தியலை எடுப்பதில்லை. ஆறு மீட்டரும் சுற்றி நடந்து வந்து, தன் கண்ணால் எண்ணிப் பார்த்துவிட்டு, "வரேங்க" என்று சொல்லித் திரும்பிப் போவார்.

துளைக்கும் ஒவ்வொரு ஆப்பும் வெறுமை. மஞ்சள் தூள் கொட்டும், முனை மறுபக்கம் போகும், ஒரு சொட்டுத் துருத் தண்ணீர் எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். சத்தியம் ஒவ்வொரு சொட்டாக நிரூபணமாகிக்கொண்டிருந்தது. சின்னம்மாவின் முப்பத்தெட்டு ஆப்பும் வெறுமை. ஒவ்வொன்றுக்கும் ஆப்பண்ணன் முன்முனையில் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். இது வெறுமை என்று அவருக்குத் தெரியும். அவர்தானே துளை போட்டவர். இருந்தாலும் துளைப்பான் ஓடத் தொடங்கியதும், ஒருவேளை தனக்கே மறந்துபோன இன்னொரு தட்டு இருக்குமோ என்று தோன்றிவிடும். கைதான் தட்டியது. கைக்கு என்ன ஞாபகம் இருக்கும்?

நூற்றுப் பதினேழாவது நேற்று முடிந்தது. அதுவும் வெறுமை. கூட இருந்தவர்கள், இன்னும் எதற்கு இந்தக் கனத்த தகட்டை ஒவ்வொரு தடவையும் தூக்கிக் கட்டிக்கொண்டு என்று சலித்துக்கொண்டார்கள். சம்பந்தி தகட்டை அவிழ்த்து அடுத்த வாய்க்கு முன்னால் நகர்த்தினார். சங்கிலியை மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். உருளையின் ஓரத்துக்குப் போய் ஒண்டி நின்று, கையை மட்டும் நீட்டினார்.